வேம்படியில் ஒரு கினிப்பிக் வீடு

கலியாணம் பேச வந்த அன்றே நான் அவரிடம் சொல்லிவிட்டேன். யாழ்ப்பாண நகரத்தில் என் சித்தி வீட்டு விறாந்தையில் இருவரும் எதிரெதிரே கதிரைகளில் இருந்தோம். எங்களைக் கதைக்க விட்டுவிட்டுப் பெரியவர்கள் உள்ளே போயிருந்தார்கள். எனக்கு நாற்பத்துமூன்று வயது. அவர் என்னிலும் சில வயது மூத்தவர். சரவணையில் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்கிறவர் என்றும், அமைதியான மனிதர் என்றும் சொல்லியிருந்தார்கள். அமைதி என்றால் இவ்வளவு அமைதி என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்த தேத்தண்ணி ஆறும்வரை அவர் வாயே திறக்கவில்லை. நான்தான் தொடங்கினேன்.

"நான் தனிய வரமாட்டன். என்னோடை மூண்டு பேர் வருவினம்."

அவர் கதிரையின் கைப்பிடியைப் பார்த்தபடி கொஞ்சம் யோசித்தார். "வரட்டும். வீடு பெரிசுதான். பின்னறை ஒண்டு சும்மா கிடக்கு. படி ஏற ஏலாத ஆக்கள் எண்டால் முன்னறையைக் குடுப்பம்."

"படி ஏற மாட்டினம்தான். கால் கட்டை."

அவர் முகத்தில் தெரிந்த கவலையைப் பார்த்த பிறகு எனக்கு விளையாட மனம் வரவில்லை. கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். ஒரு கரட் கிழங்கைச் சுற்றி மூன்று கினிப்பிக்குகள். மண்ணிறத்தில் தாய், பக்கத்தில் அதன் இரண்டு பெட்டைக் குட்டிகள், ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பும் செம்பட்டையும் கலந்தது. அவர் படத்தை வாங்கிக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"நான் உங்கடை தாயும் ரண்டு பெரியம்மாவும் எண்டெல்லோ நினைச்சனான்!"

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் ஓம் என்றேன் என்று சித்திக்கு இன்றுவரை சொன்னதில்லை.

அந்தக் கினிப்பிக்குகள் எனக்கு வந்ததும் தற்செயல்தான். நான் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்த பாமசிக்கு மேலே ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்து அறைகளில் இருந்த குடும்பம் கனடாவுக்குப் போகும்போது, அவர்களின் மகள் கூட்டோடு என் கதவடியில் வந்து நின்றாள். ஒரு கிழமைக்கு வைத்திருந்து யாருக்காவது கொடுக்கலாம் என்றுதான் வாங்கினேன். ஆனால் வேலை முடிந்து நான் படியேறும் சத்தம் கேட்டதும் மூன்றும் சேர்ந்து விசில் அடிக்கத் தொடங்கிவிடும். வீக், வீக், வீக் என்று, ஏதோ நான் பெரிய வெளிநாட்டுப் பயணம் முடித்து வருகிறமாதிரி. என் வரவை அப்படி எதிர்பார்த்தவர்கள் அதற்கு முன் யாரும் இருந்ததில்லை. பிறகு எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பது?

கலியாணம் முடிந்து சரவணை இருக்கும் தீவுக்குப் போன அன்று, வான் வண்டியின் பின்புறத்தில் என் அலுமாரியும் தையல் மெசினும் வந்தன. கூடு என் மடியில். பண்ணைப் பாலத்தில் கடற்காற்று அடித்ததும் மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கொண்டன. அவர் தன் புதுச் சால்வையைக் கழற்றிக் கூட்டுக்கு மேலே போட்டார். சாரதி கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான்.

வாசலில் ஆலாத்தித் தட்டோடு நின்றவர் அவருடைய அக்கா, என் மச்சாள். அவவின் வீடும் அதே வளவில்தான், கிணற்றுக்கு அந்தப் பக்கம். புருஷன் இல்லை, பிள்ளைகள் சுவிஸில். ஆடும் கோழியுமாக ஒரு பெரிய குடும்பத்தை நடத்துகிறவ. தட்டை உயர்த்தியவ, என் கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டா.

"உதென்ன கையிலை?"

நான் பதறிப்போய் எழுத்துத் தமிழில் சொல்லிவிட்டேன். "கினிப்பன்றி, மச்சாள்."

"பண்டியோ? தம்பி, பண்டியோடையோ இவவைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?"

"பண்டி இல்லை அக்கா. பேர் மட்டும்தான் அப்பிடி. புல்லுத் தின்னுற சாதி. முயல் மாதிரி."

மச்சாள் குனிந்து கம்பிக்குள்ளே பார்த்தா. "முயலெண்டால் காது எங்கை? வாலையும் காணேல்லை. இது அகழான்."

வயல்களில் வளை தோண்டுகிற பெரிய எலிக்குத்தான் எங்கள் பக்கத்தில் அகழான் என்று பெயர். அந்தப் பட்டத்தைச் சூட்டிவிட்டு எங்கள் இருவருக்கும் ஆலாத்தி சுற்றினா. கூட்டுக்கு நேரே வரும்போது மட்டும் தட்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடித்தா.

பின்னறை கினிப்பிக்குகளின் அறையாயிற்று. மரச்சீவல் பரப்பி, காய்ந்த புல் போட்டு, மூலைகளில் பழைய மட்பானைகளைச் சரித்து வைத்து ஒளிந்துகொள்ள இடம் செய்தேன். சித்தி வீட்டில் "நீங்கள்" என்று கதைத்தவர் ஒரு மாதத்தில் "நீர்" என்று சொல்லப் பழகியிருந்தார். தோட்டத்திலிருந்து வரும்போது வரம்போரத்து அறுகம்புல்லில் ஒரு கட்டு மோட்டார் சைக்கிளில் இருக்கும். அவருடைய மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் திரும்பும்போதே உள்ளே விசில் தொடங்கிவிடும். எனக்குக் கிடைத்த வரவேற்பு இப்போது அவருக்கும் கிடைத்தது. ஆனால் அவர் அந்த அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். புல்லை நிலைக்கு வெளியே நின்று என் கையில் தருவார். வாசலில் நின்றே எட்டிப் பார்த்துச் சிரிப்பார். போய்விடுவார்.

தோட்டக்காரக் குடும்பம், மிருகங்களை வெளியே வைத்தே பழகினவர்கள், வீட்டுக்குள்ளே வைத்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று நானே ஒரு முடிவு கட்டினேன். கேட்டிருக்கலாம். புதுப் பெண்டாட்டியாக இருப்பதில் நாற்பத்துமூன்று வயதிலும் ஒரு கூச்சம் இருக்கிறது.

காலையில் அவருக்கு இருமல் இருந்தது. பனிக்கு என்றார். மார்கழியில் அதை நம்பினேன். பங்குனியிலும் பனி என்றபோதுதான் அவர் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை கூட்டைத் துப்புரவாக்கி, பழைய மரச்சீவலையும் புல்லையும் பின்வாசலில் உதறிக்கொண்டிருந்தேன். காற்று என் பக்கமிருந்து கிணற்றடிப் பக்கம் அடித்தது. அங்கே கால் கழுவிக்கொண்டிருந்தவர் வாளியை அப்படியே வைத்துவிட்டு மச்சாளின் ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் விறுக்கென்று போனார். தேத்தண்ணி வைத்துவிட்டுத் தேடிப் போனேன். கவிழ்த்துப் போட்ட ஒரு பழைய ஆட்டுக்கல்லில் இருந்தபடி, தலையை நிமிர்த்தி, வாயில் எதையோ வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். நீல நிற இன்ஹேலர். எத்தனையோ பேருக்கு நான் எடுத்துக் கொடுத்த அதே நீலம்.

என்னைக் கண்டதும் அதை இடுப்புச் சாரத்தின் மடிப்புக்குள் செருகினார், பீடி குடித்துப் பிடிபட்டவர் மாதிரி.

"தொய்வோ?" என்று கேட்டேன். ஆஸ்மாவுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.

"ஓம். சின்னனிலை இருந்தது. பேந்து கன வருஷம் இல்லை."

"இப்ப?"

"இப்ப... கொஞ்சம்."

"நான் வந்தாப் பிறகோ?"

அவர் ஆட்டைப் பார்த்தார்.

"உதை எங்கை வாங்கினனீங்கள்?"

"டவுனிலை. உம்மடை பழைய கடையிலை வாங்கேல்லை. ஆரும் உமக்குச் சொல்லிப்போடுவினம் எண்டு வேறை கடைக்குப் போனனான்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அறைக்குள் வராதது அதனால்தான். நிலைக்கு வெளியே நின்றதும் அதனால்தான். மாதக்கணக்காக மூச்சை அடக்கிக்கொண்டு எனக்குப் புல்லுக்கட்டு நீட்டியிருக்கிறார்.

"நாளைக்கே உதுகளை வெளியிலை விடுறன்," என்றேன்.

"வேண்டாம்." அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. "நீர் பிறந்த இடம், வேலை செய்த இடம், தெரிஞ்ச சனம் எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனீர். உமக்கெண்டு இஞ்சை வந்தது உதுகள்தான். அதையும் வெளியிலை விடச் சொல்லி நான் எப்பிடிச் சொல்லுறது?"

"எனக்கெண்டு இஞ்சை நீங்களும்தானே இருக்கிறீங்கள்?"

சொல்லிவிட்டு நான் ஆட்டைப் பார்த்தேன். அவரும் ஆட்டைப் பார்த்தார். ஆடு எங்கள் இருவரையும் பார்த்து அசைபோட்டது.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. கினிப்பிக்குகளின் சொந்தக்காரியான நான் அவை வெளியே போகவேண்டும் என்றேன். அவற்றால் மூச்சு முட்டுகிற அவரோ அவை உள்ளேதான் இருக்கவேண்டும் என்றார். நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர் என் பக்கம் நின்றார். மருந்தை ஒழுங்காக எடுக்கவேண்டும், ரோமமும் புல்தூசும் வீட்டுக்குள் இருக்கக்கூடாது என்று சொன்னார். மச்சாளும் என் பக்கம்தான், ஆனால் அவவின் காரணம் வேறு.

"வெளியிலை விடுங்கோ. ஒரு கிழமைக்கிடையிலை கீரி வந்து அலுவலை முடிச்சுப்போடும்."

அதைக் கேட்ட பிறகுதான் அவர் ஒரு பழைய பலகையில் கரித்துண்டால் கூட்டின் படம் கீறத் தொடங்கினார். "கீரி வாற மாதிரியோ நான் கட்டித் தருவன்?" என்றார். தோற்றவர் இவ்வளவு உற்சாகமாக வேலை தொடங்கி நான் பார்த்ததில்லை.

கூடு இடுப்பளவு உயரத்தில் நாலு காலில் நிற்கவேண்டும். கீழே பலகை, ஒரு பக்கம் மழை படாமல் அடைத்த அறை, மறுபக்கம் காற்றோட்டமாகக் கம்பிவலை. பனஞ்சிலாகைகள், பனைமரத்தில் கிழித்த நீளச் சட்டங்கள், வளவிலேயே கிடந்தன. சைஸ் பார்த்து அறுக்கத் தொடங்கியதும் மரத்தூள் பறந்து அவருக்கு இருமல் வந்தது. மரம் அறுக்கும் வாளை அவரிடமிருந்து வாங்கி நான் அறுத்தேன். மருந்து மாத்திரையைப் பாதியாக வெட்டியதைத் தவிர வேறொன்றையும் அறுத்தறியாத கை. என் முதல் சிலாகை கடலலை மாதிரி வளைந்து வந்தது. அவர் காற்றுக்கு மேற்புறமாக ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, "வாளை அமத்தவேண்டாம், இழுத்து விடும், அது தானாப் போகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சாள் வேலி ஓரமாக வந்து நின்று பார்த்துவிட்டு, "கலியாணம் கட்டின புதுசிலை எனக்கும் இப்பிடி வேலை தந்திருந்தால் நான் அண்டைக்கே திரும்பிப் போயிருப்பன்," என்றா. ஆனால் போகவில்லை. ஆடிக்கொண்டிருந்த சிலாகையின் மறுமுனையைக் காலால் மிதித்துப் பிடித்தா.

அவர் முதலில் வாங்கிவந்தது கோழிக்கூட்டுக்கு அடிக்கும் வலை. அதன் கண்ணுக்குள் என் இரண்டு விரல் போயிற்று.

"இதுக்குள்ளாலை பாம்பு வரும்," என்றேன்.

"சாரை இதுக்குள்ளாலை வராது."

"குட்டிச் சாரை?"

அவர் வலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டிக் கட்டி மோட்டார் சைக்கிளில் வைத்தார். வேலணைக் கடைகளில் சின்னக் கண் வலை கிடைக்கவில்லை என்று யாழ்ப்பாணம்வரை போய் வந்தார். கதவுக்கு ஒரு கொண்டி போதாது, பூனை தட்டித் திறக்கும் என்று இரண்டு வைத்தார். எறும்பு ஏறாமல் நாலு காலையும் தண்ணீர் நிரப்பிய தகரப்பேணிகளுக்குள் நிறுத்தினோம். டெங்கு நுளம்பு பெருகினால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார் என்று மச்சாள் பயமுறுத்தினா. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பழைய எஞ்சின் ஒயில் விட்டோம். கூரைக்கு, மிச்சமிருந்த ஒரு தகரத்தைப் போட்டோம். அந்தத் தகரம்தான் பிழை. இடமும் பிழை. சமைக்கும்போது குசினியிலிருந்து பார்த்தால் தெரியவேண்டும் என்று நான்தான் மேற்குச் சுவரோடு வைக்கச் சொன்னேன்.

வீட்டுக்குள் வளர்ந்ததைத் திடீரென்று வெளியே விட்டால் பயத்திலேயே சாப்பிடாமல் கிடந்துவிடும். அதனால் காலையில் கொஞ்ச நேரம் வெளியே, வெயில் ஏறமுன் உள்ளே என்று பழக்கினோம். முதல்நாள் மூன்றும் அடைத்த அறையை விட்டு வெளியே வரவேயில்லை. காகம் கத்தினால் உறைந்து போயின. பிறகு தாய் மூக்கை மட்டும் நீட்டியது. அடுத்தநாள் வெள்ளைக் குட்டி வலையோரம்வரை வந்து, வெளியே ஆடிக்கொண்டிருந்த ஒரு புல்லைக் கடிக்கப் பார்த்தது. வேப்பம்பூ ஒன்று உள்ளே விழுந்ததற்கு மூன்றும் துள்ளித் துள்ளி ஓடின. சந்தோஷம் வந்தால் அவை நாலு காலையும் ஒன்றாகத் தூக்கித் துள்ளும். அறைக்குள் அப்படித் துள்ளி நான் கண்டது குறைவு.

அப்போது எனக்கு வேலணையில் ஒரு பாமசியில் அரைநாள் வேலை கிடைத்திருந்தது. நான் போனபிறகு அவற்றை உள்ளே கொண்டுவருவது அவர் பொறுப்பு. சித்திரை பிறந்து வெயில் நெருப்பாக எறிந்த ஒரு நாள், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் நின்றுவிட்டது. அதைத் திருத்திக்கொண்டிருந்தவருக்கு நேரம் போனது தெரியவில்லை. நினைவு வந்து ஓடி வந்திருக்கிறார்.

பாமசியில் என் கைப்பேசி அடித்தது.

"உடனை வாரும். மூத்தவள் சரிஞ்சு கிடக்கிறாள். வாயைத் திறந்து மூச்சு விடுறாள்."

தாய்க் கினிப்பிக்கை அவர் மூத்தவள் என்றது அன்றுதான். அதுவரை அவற்றை "அது" என்றுதான் சொல்வார்.

"உள்ளை கொண்டுபோங்கோ. ஐஸ் தண்ணி ஊத்தவேண்டாம். கிணத்துத் தண்ணியிலை சீலையை நனைச்சுக் காதையும் பாதத்தையும் துடையுங்கோ. சீமெந்து நிலத்திலை கிடத்துங்கோ. மற்ற ரண்டும்?"

"ஓடித் திரியுதுகள். நீர் வாரும்."

முதலாளியிடம் சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்தேன். வழியெல்லாம் காய்ந்த வெளி, இருபுறமும் பனை, அதற்கு மேலே வெள்ளையாக எரிந்த வானம். அந்த வெயிலைத் தகரத்துக்குக் கீழே நினைத்துப் பார்த்தேன். சுவரிலிருந்து திரும்பி அடிக்கிற சூட்டையும்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் நடுக்கூடத்தில் சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்தார். மடியில் நனைந்த துவாய், அதில் மூத்தவள். ஈரச் சட்டையெல்லாம் மண்ணிற ரோமம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய நெஞ்சிலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாசலிலேயே எனக்குக் கேட்டது.

"முதல் அவளைப் பாரும்," என்றார். அதைச் சொல்லவே அவருக்கு மூச்சு போதவில்லை.

"முதல் நீங்கள். மருந்து எங்கை?"

"சைக்கிள் பெட்டிக்கை."

ஓடிப்போய் எடுத்துவந்து அவர் வாயில் வைத்தேன். ஒரு கை அவர் முதுகில், மற்றக் கையால் மூத்தவளின் வாயோரம் ஊசியில்லாத சிறிஞ்சால் தண்ணீரைத் துளித்துளியாக விட்டேன். இரண்டு மூச்சும் எனக்கு ஒன்றாகக் கேட்டன. எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் கொஞ்ச நேரம் இருந்தது. அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

சத்தம் கேட்டு மச்சாள் வந்தா. தம்பியின் மடியைப் பார்த்தா. திட்டத்தான் வாயைத் திறந்தா என்று நினைக்கிறேன். ஆனால் அவவுக்கு அவருடைய மூச்சுச் சத்தம் பழைய சத்தம், சின்ன வயதிலிருந்து தெரிந்த சத்தம். ஜன்னல்களைத் திறந்துவிட்டா. ஒரு சாக்கை நனைத்து வந்து கதவில் தொங்கவிட்டா. "நிமிந்து இரடா," என்று மட்டும் சொன்னா.

முதலில் அவருடைய நெஞ்சு அடங்கியது. மூத்தவள் இன்னும் கண் சொருகிக் கிடந்தாள். அவர் அவளை இறக்கவிடவில்லை. பிற்பகல் சாய்ந்தபோது அவள் தலையைத் தூக்கினாள். நான் ஒரு வல்லாரை இலையை மூக்குக்கு நேரே பிடித்தேன். மணந்தாள். கடிக்கவில்லை. மறுபடி மணந்தாள். பிறகு இலையின் ஓரத்தை மெல்லக் கொறித்தாள். அவர் என்னைப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. மருந்துக்கு அப்படி வரும் என்றார். எந்த மருந்துக்கு எது வரும் என்று எனக்குத் தெரியும். இன்னொரு வல்லாரை இலையை அவர் கையில் கொடுத்தேன்.

அன்றிரவு மூன்றும் பின்னறையில் கிடந்தன. விடிந்ததும் அவர் தீர்ப்புச் சொன்னார். "இனி வெளியிலை வேண்டாம். நான் கூடத்திலை படுக்கிறன், கதவைப் பூட்டி வைப்பம்."

"கூட்டிலை பிழையில்லை. வைச்ச இடமும் தகரமும்தான் பிழை," என்றேன்.

பாமசியில் சுவரில் மாட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கிவந்தேன். உச்சி வெயில் நேரத்தில் அதை வளவு முழுக்கக் கொண்டு திரிந்து, ஒவ்வொரு மரத்திலும் தொங்கவிட்டுப் பார்த்தேன். மாமரத்தடி பரவாயில்லை. கிணற்றடி வாழைக்குள் காற்றில்லை. வேலியோரம் நின்ற பெரிய வேம்பின் அடியில்தான் குறைவாகக் காட்டியது. கிணற்று வாய்க்காலின் ஈரம் அந்த மண்ணில் எப்போதும் இருக்கும். கடற்காற்றும் ஒழுங்கை வழியே நேராக அங்கே வரும். ஆனால் அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மச்சாளின் ஆடுகள் அங்கே காலை நீட்டிப் படுத்திருந்தன.

கேட்கப் போனேன். மச்சாள் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தா.

"என்ரை ஆட்டை எழுப்பிப்போட்டு அகழானைக் கிடத்தப் போறீரோ?"

"ஆடு கீழைதானே படுக்கும், மச்சாள். கூடு மேலை நிக்கும். ரண்டும் இருக்கலாம்."

அவ கத்தியை வைத்துவிட்டு யோசித்தா. எதை யோசித்தா என்று தெரியாது. கூடத்தில் அன்று கேட்ட அந்த மூச்சுச் சத்தத்தை என்று நான் நினைக்கிறேன்.

"தகரத்தோடை அங்கை வைக்க விடமாட்டன். வெயிலுக்குத் தகரம் போடுற ஆக்களைச் சனம் பாத்துச் சிரிக்கும்," என்றா.

அடுத்தநாள் அவவே பனையோலை எடுத்துவந்து கூரையை வேய்ந்தா. நானும் அவரும் ஓலையை எடுத்துக் கொடுத்தோம். தாழ்வாரத்தை நீளமாக இறக்கி, சாரல் அடிக்காமல் ஓரம் கட்டினா. வேலை செய்த நேரம் முழுக்கக் கூட்டுக்குள் ஒருமுறையும் பார்க்கவில்லை. இன்றுவரை அவற்றைத் தொட்டதில்லை. அகழான் என்ற பெயரையும் மாற்றவில்லை.

மறுபடி முதலிலிருந்து பழக்கினோம். வெப்பமானியைக் கூட்டுக்குள்ளேயே தொங்கவிட்டேன். சூடு ஏறின நாட்களில் தண்ணீர் நிரப்பிக் குளிரவைத்த போத்தலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பேன். மூன்றும் அதில் சாய்ந்து கிடக்கும். கீழே ஆடுகள், மேலே கினிப்பிக்குகள். ஒருநாள் காலையில் கீரியும் வந்தது. நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஆடுகள் எழுந்து விலகின. கீரி பின்காலில் நிமிர்ந்து நின்று பார்த்தது, ஒரு காலில் ஏறப்போய் ஒயில் பேணிக்குள் கை வைத்துவிட்டு உதறியது, சுற்றிச் சுற்றி வந்தது. நான் அகப்பையோடு ஓடினேன். அது வேலிக்குள் போய்விட்டது. மூன்றும் அடைத்த அறையின் மூலையில் ஒரே உருண்டையாக இருந்தன, ஒரு கீறல்கூட இல்லை. அதே கீரி அடுத்த கிழமை மச்சாளின் கோழிக்கூட்டில் புகுந்து ஒரு முட்டைக்கோழியைக் கொண்டுபோய்விட்டது. அன்று பின்னேரம் மச்சாள் வந்து வேலியில் கையூன்றி நின்றா.

"தம்பி, அந்தச் சின்னக் கண் வலை மிச்சம் கிடக்கோ?"

அவர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார். மச்சாள் போனபிறகுதான் சிரித்தார்.

அவருடைய தொய்வு முற்றாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். பின்னறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, என் தையல் மெசினை அங்கே வைத்தோம். காலை இருமல் குறைந்தது. காலையும் பின்னேரமும் எடுக்கிற மருந்து தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் எல்லோரும் காண இருக்கிறது. நீல இன்ஹேலர் சட்டைப் பையில் இருக்கிறது, எடுக்கவேண்டி வருவது எப்போதாவதுதான். கூடு துப்புரவாக்குவது என் வேலை, அந்த நேரம் அவர் காற்றுக்கு மேற்புறம் நிற்கவேண்டும் என்பது சட்டம். புல் அவருடைய வேலை. இப்போது அவரே கதவைத் திறந்து புல்லை உள்ளே வைக்கிறார். திறந்த வெளியில் அது அவருக்கு ஒன்றும் செய்வதில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கினிப்பிக்குகள் வீட்டுக்குள் இருந்தபோது, வேலை முடிந்தால் நான் பின்னறையில் இருப்பேன், அவர் முன்னால் தொலைக்காட்சியோடு இருப்பார். அவை வெளியே போனபிறகு எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. பின்னேரம் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வேம்படிக்குப் போனேன். கொஞ்ச நாளில் அவரும் தன் கதிரையோடு வந்தார். அங்கேதான் நாங்கள் கதைக்கப் பழகினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிற இரண்டு பேருக்கு, இருவரும் சேர்ந்து பார்க்க மூன்று கினிப்பிக்குகள் இருப்பது எவ்வளவு வசதி!

அப்படி ஒரு பின்னேரம் கேட்டேன். "தொய்வு எண்டு ஏன் முதலே சொல்லேல்லை? நான் மருந்துக்கடைக்காரி. எனக்கு உது பெரிய விஷயமோ?"

அவர் ஒரு புல்லை எடுத்து வலைக்குள் நீட்டினார். வெள்ளைக் குட்டி அதை இழுத்தது.

"முந்தி ஒரு சம்பந்தம் வந்தது. சுருவில் பக்கம். எல்லாம் சரி. பேந்து ஆரோ போய்ச் சொல்லிப்போட்டினம், மாப்பிளை தொய்வுக்காரன், தோட்டம் செய்ய ஏலாது எண்டு. அதோடை நிண்டுபோச்சுது. பிறகு வந்ததுகளும் அப்பிடித்தான். பேந்து நான் வேண்டாம் எண்டு விட்டிட்டன்."

நானும் ஒரு புல்லை எடுத்து வலைக்குள் நீட்டினேன். பிறகு சொன்னேன், "எனக்கும் ஒண்டு நிண்டது. உங்களுக்கு முன்னம் ஒருத்தர் வந்தவர். அவருக்கும் இதைத்தான் சொன்னனான். எலியோடை வாற பொம்பிளை வேண்டாம் எண்டிட்டார்."

"உண்மையாவோ?"

"ஓம்."

"ஆள் எந்த ஊர்?"

"மடத்துவெளி."

"நல்ல காலம்," என்றார். யாருக்கு நல்ல காலம் என்று சொல்லவில்லை.

மூத்தவளுக்கு வயது போய்விட்டது. இப்போது அவள் ஓடுவது குறைவு, துள்ளுவதில்லை. போத்தலில் சாய்ந்து கிடந்து, மகள்மார் சண்டைபிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஐப்பசியில் மழை பிடித்தபோது கூட்டைச் சுற்றித் தார்ப்பாய்ப் படங்கு கட்டினோம். வாய்க்கால் நிரம்பி வேம்படியெல்லாம் தண்ணீர். ஆடுகள் கொட்டிலுக்குப் போய்விட்டன. கூடு மட்டும் தண்ணீருக்கு மேலே நாலு காலில் நின்றது. காலையில் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் குடையும் மற்றக் கையில் புல்லுமாக முழங்கால் தண்ணீரில் நடந்து போனார். நான் விறாந்தையில் நின்றேன். அவர் படங்கைத் தூக்கி உள்ளே பார்த்தார்.

"எப்பிடி இருக்கினம்?" என்று கத்தினேன்.

"காஞ்சபடி இருக்கினம்," என்று அவரும் கத்தினார். "பசிக்குதாம். நீர் கரட்டையும் கொண்டு வாரும்."